ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டாரில் பிக்கப்பை மாற்றாமல், வயரிங்கை மட்டும் மாற்றி உருப்படியான டோன் எடுக்க முடியுமா?

முடியும். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள்), ஐந்து நிலை ஸ்விட்ச், ஒரு வால்யூம், இரண்டு டோன் உள்ள சாதாரண ஸ்ட்ராட்டை வைத்தே சொல்கிறேன். இருபது டோன் தரும் வரைபடங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பாதியை மேடையில் யாரும் தொடுவதில்லை. ஃபேஸ் திருப்பும் (ஒரு பிக்கப்பின் சிக்னலைத் தலைகீழாக்கும்) ஸ்விட்ச்சை முதலில் மறந்துவிடுங்கள். பேஸ் காணாமல் போய், மூக்கடைத்த குரல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும்.

பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய முறை வயரிங்கில் அதற்கு டோன் பாடே (குமிழுக்கு அடியில் இருக்கும் திருகு ரெசிஸ்டர்) கிடையாது. காதைக் குத்துகிறது என்று பலர் அந்த நிலைக்கே போகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஸ்விட்ச்சின் ஒரு பக்கத்தில் மூன்று பிக்கப் ஒயர்களும் வந்து சேரும். மறுபக்கத்தில் நெக், மிடில் டோன்களின் ஒயர்கள் இருக்கும்; மூன்றாவது கால் (ஒயர் பற்றவைக்கும் முனை) காலியாக இருக்கும். அந்தக் காலியான காலையும் மிடில் டோன் காலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் போதும், கீழ் டோன் பாட் மிடிலுக்கும் பிரிட்ஜுக்கும் சேர்த்து வேலை செய்யும். விலை குறைந்த கிட்டாரில் எட்டுக் காலும் ஒரே வரிசையில் இருக்கிற பெட்டி ஸ்விட்ச் இருக்கலாம். அதில் கால்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒவ்வொரு நிலையிலும் எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அடுத்தது வால்யூம். ஏழுக்குக் குறைத்ததும் ஒலி மங்கிப்போகிறதல்லவா? பாடைக் குறைக்கும்போது பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவில் ரெசிஸ்டன்ஸ் நுழைகிறது. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. இரண்டும் சேர்ந்து ட்ரெபிளைத் தின்றுவிடும். 1.2 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும் 130 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரையும் வரிசையாகக் கோத்து, ஒரு முனையை ஸ்விட்ச்சிலிருந்து ஒயர் வந்து சேரும் காலிலும், மறுமுனையை ஜாக்குக்குப் போகும் நடுக்காலிலும் வையுங்கள். 1 நானோவும் (மேலே 102 என்று அச்சிட்டிருக்கும்) 120 கேயும் போட்டாலும் குடிமுழுகிப்போகாது. ரெசிஸ்டர் இல்லாமல் கெப்பாசிட்டரை மட்டும் போடுபவர்கள் உண்டு. வால்யூம் மூன்றுக்கு வந்ததும் வெறும் ட்ரெபிள்தான் கேட்கும். ஓவர்டிரைவை வால்யூமாலேயே கூட்டிக் குறைத்து வாசிப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே பாதி கிட்டார்.

மூன்றாவது, ஐந்து நிலை ஸ்விட்ச்சால் தர முடியாத கூட்டணி: நெக்கும் பிரிட்ஜும் சேர்ந்து. ஸ்விட்ச்சில் நெக் பிக்கப் ஒயர் இருக்கும் காலிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, சாதாரண ஆன் ஆஃப் ஸ்விட்ச் ஒன்றின் வழியாக வால்யூம் பாடின் உள்ளீட்டுக் காலுக்குக் கொண்டுபோங்கள். அதை ஆன் செய்தால் எந்த நிலையிலும் நெக் கூடவே ஒலிக்கும். பிரிட்ஜ் நிலையில் டெலிகாஸ்டரின் நடு நிலையை ஒத்த, மணி மணியான ரிதம் டோன் வரும். பிரிட்ஜும் மிடிலும் சேர்ந்த நிலையில் மூன்றும் ஒலிக்கும். ஆக மொத்தம் ஏழு. பிங்க் ஃபிளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டில் இருந்த குட்டி ஸ்விட்ச்சும் இந்த வேலைக்குத்தான். பிக்கார்டில் துளை போட மனமில்லை என்றால், ஒரு டோன் பாடுக்குப் பதிலாக புஷ்புல் பாட் (இழுத்தால் ஸ்விட்ச்சாகவும் வேலை செய்வது) போடலாம். அது சாதாரண பாடைவிட நீளமானது. குழியின் ஆழத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்னது எல்லாமே பேரலல் (பக்கம் பக்கமாக இணைப்பது). ஸ்ட்ராட்டின் உண்மையான குறை அங்கேதான் இருக்கிறது. தலா 6 கே உள்ள இரண்டு பிக்கப்பை பேரலலில் இணைத்தால் 3 கே. இண்டக்டன்ஸும் பாதியாகும், ஒலி மெலிந்து பளிச்சென்று வரும். அதே இரண்டைச் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்தால் 12 கே. சத்தம் கூடும், மிட் தடிக்கும், ஆம்ப்பை ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போலத் தள்ளும். செய்முறை பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. நெக் பிக்கப்பின் கிரவுண்ட் ஒயரை பாடின் முதுகிலிருந்து கழற்றி, இருபக்க ஸ்விட்ச் ஒன்றின் நடுக்காலில் வையுங்கள். ஒரு ஓரக்காலைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். அது வழக்கமான நிலை. மற்ற ஓரக்காலை பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட் (சிக்னல்) ஒயர் இருக்கும் காலுக்குக் கொடுங்கள். இப்போது ஐந்து நிலை ஸ்விட்ச்சை நெக்கில் வைத்து இதைத் தட்டினால் இரண்டும் சீரிஸ். பிரிட்ஜ் நிலையில் தட்டினால் ஒன்றும் ஆகாது, பிரிட்ஜ் மட்டும் வழக்கம்போல ஒலிக்கும்.

பிரிட்ஜுக்குப் பதிலாக மிடிலின் ஹாட் காலுக்கும் கொடுக்கலாம். உங்கள் மிடில் பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம் கொண்டதாக இருந்தால் அந்தச் சீரிஸில் ஹம் (மின் இரைச்சல்) அடங்கிவிடும். மிடிலோடு சேரும் 2, 4 நிலைகளில் மட்டும் கிட்டார் அமைதியாகிறதா என்று கேளுங்கள். அப்படி ஆனால் உங்களுடையது அந்த வகைதான். தெளிவு வேண்டுமானால் பிரிட்ஜ், ஹம் தொல்லை தாங்கவில்லையானால் மிடில். வீட்டில் மின்விசிறி ரெகுலேட்டரும் எல்இடி பல்பும் சூழ வாசிப்பவருக்கு நான் மிடிலைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: நெக் பிக்கப்பிலிருந்து வருவது உள்ளே ஒரு கம்பி, வெளியே ஷீல்டு என்ற வகை ஒயராக இருந்தால், சீரிஸில் அந்த ஷீல்டே சிக்னலைச் சுமக்கும், இரைச்சல் கூடும். இரண்டு தனி ஒயராக மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பிரிட்ஜில் ஹம்பக்கர் உள்ள கிட்டாராக இருந்தால் எல்லோரும் காயில் ஸ்ப்ளிட்டுக்குத்தான் (ஒரு சுருளை மட்டும் ஒலிக்க விடுவது) ஓடுவார்கள். நான்கு ஒயர் இருக்க வேண்டும். சீமோர் டங்கனில் வெள்ளையும் சிவப்பும் சேருமிடம் நடு இணைப்பு, டிமார்ஸியோவில் கறுப்பும் வெள்ளையும். அதை நேராகக் கிரவுண்டுக்குத் தள்ளினால் சத்தம் பொத்தென்று விழும். நடுவில் 1.1 கேயிலிருந்து 2.2 கே வரை ஒரு ரெசிஸ்டர் வைத்தால் இரண்டாவது காயில் கொஞ்சம் உயிரோடு இருக்கும், சத்தமும் தாங்கும்.

சாமான் வாங்கும்போது பாடில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் லாக் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப மாறுவது), பி என்றால் லீனியர் (ஒரே சீராக மாறுவது). டோனுக்கு லீனியர் போட்டால் கடைசிச் சுற்றில்தான் எல்லாம் நடக்கும். 250 கே கிடைக்காவிட்டால் 220 கே போதும். 470 கே போட்டால் சிங்கிள் காயில் இன்னும் கூர்மையாகிக் குத்தும்.

பாடின் முதுகுதான் புதியவரைக் கவிழ்க்கும் இடம். 25 வாட் சால்டரிங் அயர்னால் ஈயம் அங்கே பிடிக்காமல் உருண்டு நிற்கும். விடாமல் சூடேற்றினால் உள்ளே கார்பன் தடம் கெட்டு, திருப்பும்போது கரகரக்கும். முதுகை உப்புத்தாளால் சுரண்டி, 40 அல்லது 60 வாட் அயர்னால் மூன்று நான்கு நொடியில் வேலையை முடியுங்கள். ஒயரைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி மாட்டுவதற்கு முன் ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு பிக்கப்புக்கு 6 கேயை ஒட்டி, இரண்டு பேரலலுக்கு 3 கே, மூன்றுக்கு 2 கே, சீரிஸுக்கு 11.5 கே அளவில் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஹாட் எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது. குழியில் ஒட்டிய தாமிரத் தாளை முதலில் சந்தேகியுங்கள். எந்த நிலையிலும் 250 கேயை ஒட்டியே காட்டினால் பிக்கப் ஒயர் பாட் வரை வந்து சேரவில்லை. அளவெல்லாம் சரி, சேர்த்து வாசித்தால் மட்டும் ஒலி சப்பென்று இருக்கிறது என்றால் ஒரு பிக்கப் ஃபேஸ் மாறியிருக்கிறது. அதன் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். கம்பியைத் தொட்டால் ஹம் குறைவது இயல்பு. தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் ஒயர் தலைகீழாக இருக்கும். தொட்டாலும் விட்டாலும் ஒரே ஹம் என்றால் ட்ரெமலோ ஸ்பிரிங் மாட்டிய இரும்புக்கு வரும் கிரவுண்ட் ஒயர் விட்டுப்போயிருக்கும்.

நெக்கும் பிரிட்ஜும் சேர்ந்த நிலையில் நெக்கே அமுக்குவதாகத் தோன்றினால் மறுபடி அயர்னைத் தூக்க வேண்டாம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி அளந்து, தடிக்கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்கி, நெக் பிக்கப்பை மட்டும் அரைத் திருகு அரைத் திருகாக இறக்கிப் பாருங்கள்.