வாசகர் கேள்வி: இரணைமடு நீரும் கமக்காரரின் சம்மதமும்

கேள்வி: கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கமக்காரர்கள் எதிர்த்தது தன்னலம் என்கிறார் என் உறவினர் ஒருவர். நீரியல் அறிந்தவர்கள் கணக்கிட்டு எடுத்த முடிவுக்கு ஊராரின் சம்மதம் எதற்கு என்றும் கேட்கிறார். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கல் நிலத்தடி நீரையே நம்பி வாழும் மக்களின் கிணறுகளில் உவரும் நைத்திரேற்றும் கலந்து வருவதை அறிந்த எவரும் அவர்களது தேவையைச் சிறிதென்று சொல்ல முடியாது. குடிநீர் வயலுக்கு முந்தியது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இத்திட்டத்துக்குக் கடன் வழங்க ஒப்புக்கொண்டபோது, போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. இடம்பெயர்ந்த கமக்காரர் பலர் தங்கள் வயல்களுக்கு இன்னும் திரும்பியிருக்கவுமில்லை. இழக்கப்போகிறவர் ஊரில் இல்லாத காலத்தில் எடுத்த முடிவை, அவர் திரும்பி வந்த பின்னர் விளக்கிச் சொல்வது கலந்தாலோசனை ஆகாது.

சம்மதம் பெறும் முறை வன்னிக்குப் புதிதுமல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்ல, அதைக் கேட்ட பின்னரே சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு, வாய்க்காலை எப்போது திறப்பது என்று தீர்மானிக்கிறார்கள். நீரை அளப்பதற்குப் படிப்பு வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் எவருடைய பங்கை முதலில் குறைப்பது என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. அந்தக் குறையைச் சுமப்பவர்கள் இருந்து பேசித்தான் அதை முடிவுசெய்ய வேண்டும். கமக்காரர்கள் அஞ்சியதும் அந்த ஆண்டைத்தான்.

அதேவேளை, அந்தக் கூட்டத்தில் குரல் உள்ளவர் வயற்காணி உள்ளவர் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். கூலிக்கு அருவி வெட்டுபவர், காணியின்றிக் குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண், குளத்தில் வலை வீசுபவர் ஆகியோருக்கும் இந்த நீரில் உரித்து உண்டு. கிளிநொச்சியின் பல வீடுகளுக்கும் குழாய்நீர் தேவை. கமக்காரர் அமைப்புகளின் மறுப்பை மாவட்டம் முழுவதன் மறுப்பாக எடுத்துக்கொண்டதும் குறைபாடான வழியே.

பின்னர் இரணைமடு நீருக்கு மாற்றாக, யாழ்ப்பாண மாவட்டத்தின் கரையோர ஊரான தலையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. அங்கே கடற்றொழிலாளர்கள் தங்கள் கரையைப் பற்றி அச்சம் தெரிவித்தபோதும் தன்னலம் என்ற அதே சொல் எழுந்திருந்தால், அதையும் நான் ஏற்றிருக்க மாட்டேன்.