பிதுங்கிய பசையும் பாலிஷும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தேக்குப் பலகைகளை ஃபெவிக்காலால் ஒட்டி மேசை செய்தேன். மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் பூசியதும் இணைப்பை ஒட்டி வெளிறிய திட்டுகள் தெரிகின்றன. பிதுங்கிய பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்திருந்தேனே?

பதில்: பெரும்பாலும் அந்த ஈரத்துணிதான் காரணம். தண்ணீர் பட்டதும் வெள்ளைப் பசை நீர்த்து, துணியின் அழுத்தத்தில் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. காய்ந்த பின் கண்ணுக்குப் புலப்படாத அந்தப் படலம் ஸ்டெயினை உள்ளே விடாது. திட்டுகளைச் சுரண்டி வெறும் மரத்தை வெளிக்கொண்டு வாருங்கள். பிறகு திட்டை மட்டும் தேய்க்காமல், பலகை முழுவதையும் ஒரே எண் (சொரசொரப்பு அளவு) உப்புத்தாளால் தேய்த்தால்தான் நிறம் சீராக ஏறும்.

கேள்வி: அப்படியானால் பசையை எப்போது எடுப்பது?

பதில்: பெரும்பாலும் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்திற்குள், கோடையில் இன்னும் சீக்கிரம். கடிகாரத்தைவிட நகத்தை நம்புங்கள். அழுத்தும்போது பசை குழையாமல் ரப்பரைப் போல் அமுங்கினால், கூரான உளியின் தட்டைப் பக்கத்தைப் பலகையில் படிய வைத்து மெல்லத் தள்ளுங்கள். பசை நாடாவாக உரிந்து வரும். அந்த நேரம் தவறிவிட்டால், முழுதும் இறுகும்வரை பொறுத்து, சுரண்டும் தகட்டால் எடுக்கலாம். கையால் பிய்த்தால் மரநாரும் சேர்ந்து பிய்ந்து வரும். உப்புத்தாளால் தேய்த்தால் சூட்டில் பசை இளகித் தாளை அடைத்துக்கொள்ளும். பிதுங்கலுக்கு அஞ்சிப் பசையைக் குறைத்துவிடாதீர்கள். இணைப்பு நெடுகச் சிறு முத்துகளாகப் பசை எட்டிப்பார்ப்பது, தேவையான அளவு தடவியிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

கேள்வி: மரத்தூளைத் தூவித் தேய்த்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதுவும் பசையை மரத்துக்குள் தேய்ப்பதுதான்.

கேள்வி: பெட்டியின் உள்மூலைகளில் உளி நுழைவதில்லையே?

பதில்: அங்கே ஒட்டுவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவது நல்லது. பசை படவேண்டிய கழுந்தையும் (துளைக்குள் நுழையும் முனை) துளையையும் மட்டும் மாஸ்கிங் டேப்பால் மறைத்து, உள்பக்கங்களுக்கு முதலிலேயே பாலிஷ் அடித்துக் காயவிடுங்கள். பிறகு டேப்பை உரித்துவிட்டு ஒட்டினால், பிதுங்கும் பசை பாலிஷின் மேல் பற்றாமல் எளிதாகப் பெயர்ந்து வரும்.

கேள்வி: எங்காவது பசை எஞ்சியிருப்பதை பாலிஷுக்கு முன்பே கண்டறிய முடியுமா?

பதில்: முடியும். டர்பன்டைனில் நனைத்த துணியால் பலகையை ஒருமுறை துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மரம் நனைந்து கறுக்கும். பசை உள்ள இடம் மட்டும் வெளிறித் தெரியும். அங்கே பென்சிலால் குறித்துச் சுரண்டுங்கள். தண்ணீர் மரநாரை எழுப்பிவிடும்; டர்பன்டைன் எழுப்பாது. முழுதும் உலர்ந்த பிறகே பாலிஷ். நனைந்த துணியை அருகில் நெருப்பில்லாத இடத்தில் விரித்து உலர்த்துங்கள்.

கேள்வி: மறுநாளே இழைத்துச் சமமாக்கிய பலகையில், சில வாரங்களில் இணைப்பு நெடுகப் பள்ளம் விழுந்திருக்கிறது. பசை விட்டுவிட்டதா?

பதில்: இல்லை. பசையிலுள்ள நீரை உறிஞ்சி இணைப்பின் ஓரங்கள் சற்றே உப்பியிருக்கும். அந்த உப்பலை இழைத்துத் தள்ளிவிட்டீர்கள். பின்னர் ஈரம் வற்றியதும் அவ்விடம் தாழ்ந்துவிட்டது. ஒட்டிய பலகையைச் சில நாட்கள் இருபுறமும் காற்றுப்படும்படி நிறுத்திவைத்து, அதன் பிறகே இழையுங்கள்.