குவாங்சோவின் கோடையும் மாமியாரின் கசாயமும்

கேள்வி: கணவரின் வேலை காரணமாகச் சீனாவின் குவாங்சோ நகரில் வசிக்கிறோம். 68 வயது மாமியார் எங்களோடு தங்க வந்திருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். உடல் சூடு தணியும் என்று பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொன்னதால், இரண்டு வாரமாகத் தினமும் கடையில் கசப்பான மூலிகைக் கசாயம் வாங்கிக் குடிக்கிறார். இப்போது கால்களில் சோர்வு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. ஒன்பது வயது மகனுக்கு வீசிங் உண்டு. கோடையில் முதுகில் மூலிகைப் பற்று போட்டால் குளிர்காலத்தில் இழுப்பு வராது என்றும் அந்தப் பாட்டி சொல்கிறார். சீன மருத்துவ முறையைப் பின்பற்றலாமா?
- வாசகி, குவாங்சோ

பதில்: முதலில் கசாயத்தை இன்றே நிறுத்துங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். நாளையே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ரத்த அழுத்தம், சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். படபடப்பு, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியாத அளவு பலவீனம் இருந்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது.

அந்தக் கசாயத்தின் பெயர் லியாங் சா. குவாங்டோங் மாகாணத்தின் பழைய மரபு. 2006இல் சீன அரசு அதைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடைக்குக் கடை மூலிகைகள் மாறினாலும், பலவற்றில் அதிமதுரம் இருக்கும். நம் வீட்டில் தொண்டைக் கமறலுக்குச் சுவைக்கும் அதிமதுரமோ அதன் நெருங்கிய இனமோதான். அதைத் தொடர்ந்து உட்கொண்டால் உடல் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ளும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். உங்கள் மாமியாரின் மாத்திரையிலுள்ள ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதுதான். இரண்டும் சேர்ந்தால் கால் சோர்வும் தசைப்பிடிப்பும் வருவதில் வியப்பில்லை. ஆனால் அதே மாத்திரையிலுள்ள டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. ஆகவே ஊகத்தில் இளநீரோ பொட்டாசியம் மருந்தோ கொடுத்துவிடாதீர்கள். அளந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

சீன மருத்துவத்தின் கணக்கிலேயே உங்கள் மாமியார் குடித்தது தவறு என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் லியாங் சாவை மிகக் குளிர்ச்சியான பொருளாகக் கருதுகிறார்கள். தொண்டைப் புண், வாய்ப்புண் போன்ற சூட்டின் அறிகுறி உள்ளவருக்குச் சில நாள் கொடுப்பார்கள். செரிமானம் தளர்ந்த முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது என்பார்கள். நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, ஆளுக்கு ஏற்ப மருந்து கொடுக்கும் முறை அது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் மாமியாரின் மாத்திரைப் பட்டியல் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டியின் சமையலறையிலிருந்து தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். குவாங்சோவின் கோடையில் வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்வதால் வியர்வை உலராது, உடல் குளிராது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து தாக்குவதாகவே சீன மருத்துவமும் இதைப் பார்க்கிறது. அதற்கு அவர்கள் சமைப்பவை வெண்பூசணி சூப், பாகற்காய், பச்சைப்பயறுக் கஞ்சி. எல்லாம் நமக்கும் பழகியவை, நீர் நிறைந்தவை, வயிற்றுக்கு இதமானவை. பச்சைப்பயறுக் கஞ்சியில் அவர்கள் கற்கண்டு போடுவார்கள். உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம். டின்னில் விற்கும் இனிப்பு மூலிகை பானமும் கூடாது. வெந்நீர்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் அவருக்குப் பிடித்தால் நல்லதே. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், வேளை வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

கோடையில் விடியலில் எழுந்து, நண்பகலில் சற்றுக் கண்ணயரும் அவர்கள் வழக்கத்தையும் நான் மனமார ஏற்கிறேன். அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன்: உடலில் வெப்ப ஆற்றல் ஏறும் என்று சொல்லிக் கொளுத்தும் வெயிலில் முதுகைக் காட்டிப் படுப்பது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் 68 வயதுப் பெண்மணிக்கு அது ஆபத்து.

சீன வீடுகளில் கோடைக்கென்று வைத்திருக்கும் இன்னொரு மருந்து ஹுவோஷியாங் ஜெங்சி. வாந்தி, வயிற்றுப்போக்குக்கு உரியது அது. ஆனால் பலர் வெயில் மயக்கத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதன் பழைய திரவ வடிவத்தில் 40 முதல் 50 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. மெட்ரோனிடசோல் அல்லது சில செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு அது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியக்கூடும். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சீனாவின் ஆம்புலன்ஸ் எண்ணான 120ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள்.

இனி மகன். அந்தப் பற்றின் பெயர் சான்ஃபூ தியெ. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை, 30 அல்லது 40 நாள் நீளும் கடும் வெப்பக் காலத்தை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் வெண்கடுகு முதலான மூலிகைகளை இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகில் சில மணி நேரம் ஒட்டுவார்கள். குளிர்கால நோய்க்குக் கோடையில் வைத்தியம் என்பது கருத்து. ஆய்வுகள் பல நடந்திருந்தாலும், பெரும்பாலானவற்றின் தரம் நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு இல்லை. கடுகு தோலை எரிக்கும், கொப்புளம் எழும். சில கலவைகளில் ஆசாரம் என்ற வேரும் சேர்கிறது. அது நம் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட குடும்பம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரையில் இக்குடும்பத்துச் செடி தவறுதலாகக் கலந்ததில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவர்கள் உட்கொண்டார்கள், பற்று வெளியே போடுவது என்பது உண்மை. ஆனாலும் பயன் உறுதிப்படாத ஒன்றுக்காகக் குழந்தையின் தோலை எரிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

குடும்பத்தார் விரும்பித்தான் ஆக வேண்டுமென்றால், மருத்துவமனையின் சீன மருத்துவப் பிரிவில் கலவையைக் கேட்டறிந்து செய்யுங்கள். இணையத்தில் வாங்கி வீட்டில் ஒட்ட வேண்டாம். எக்ஸிமா என்ற தோல் அழற்சி இருந்தால் அறவே கூடாது. எது செய்தாலும் மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை ஒரு நாளும் விடாதீர்கள்.