61 ஜிபி கோப்பை அழித்த பிறகும் டிஸ்க் காலியாகாதது ஏன்?

கேள்வி: பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் நிறுவி, வீட்டுச் சர்வராக வைத்திருக்கிறேன். அதன் 100 ஜிபி ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதி) திடீரென்று நிரம்பிவிட்டது. தேடியதில், டாக்கரில் (நிரல்களைக் கன்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் கேமரா பதிவு நிரலின் லாக் கோப்பு (நிரலின் செய்திகள் பதிவாகும் கோப்பு) மட்டும் 61 ஜிபி இருந்தது. ஆர்எம் கட்டளை கொடுத்து அதை அழித்துவிட்டேன். ஆனால் டிஎஃப் கட்டளை இன்னமும் 95 ஜிபி பயன்பாட்டில் உள்ளது, மீதம் பூஜ்யம் என்கிறது. டியு கட்டளையோ மொத்தமே 34 ஜிபிதான் என்கிறது. டிஸ்க் பழுதாகிவிட்டதா? ஃபார்மட் செய்தால்தான் சரியாகுமா?

பதில்: டிஸ்க் பழுதாகவில்லை, ஃபார்மட் செய்யவும் தேவையில்லை. நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே விடை இருக்கிறது. 95 ஜிபியில் 34 ஜிபியைக் கழித்தால் வருவது 61 ஜிபி, அதாவது நீங்கள் அழித்த கோப்பின் அளவு. அந்தக் கோப்பு இன்னும் டிஸ்கிலேயே இருக்கிறது என்று இதிலிருந்து ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம்.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் ஓரிடத்திலும், கோப்பு வேறோரிடத்திலும் இருக்கின்றன. அடைவில் (ஃபோல்டரில்) இருப்பது பெயரும், ஐநோடு எனப்படும் பதிவின் எண்ணும் மட்டுமே. கோப்பின் அளவு, உரிமையாளர், டிஸ்கில் எந்தெந்தக் கட்டங்களில் தரவு இருக்கிறது என்பன போன்ற விவரங்கள் அந்த ஐநோடில்தான் உள்ளன. ஆர்எம் கட்டளை அடைவிலுள்ள பெயரை நீக்குகிறது. கடைசிப் பெயரும் நீங்கி, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலும்) அதை மூடிய பிறகே இயங்குதளம் இடத்தை விடுவிக்கும். வாசலில் இருந்த பெயர்ப்பலகையை நீங்கள் கழற்றிவிட்டீர்கள், உள்ளே குடியிருப்பவர் இன்னும் காலி செய்யவில்லை, நிலைமை அவ்வளவுதான். விண்டோஸில் பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். ஏனெனில் அங்கே பயன்பாட்டில் உள்ள கோப்பை அழிக்க முயன்றால் பெரும்பாலும் அனுமதியே கிடைக்காது.

இரண்டு கட்டளைகளும் முரண்படுவதற்குக் காரணமும் இதுவே. டியு ஒவ்வோர் அடைவாக நுழைந்து, பெயருள்ள கோப்புகளைக் கூட்டிச் சொல்கிறது. டிஎஃப் அப்படித் தேடுவதில்லை. எத்தனை கட்டங்கள் பயன்பாட்டில் உள்ளன என்று கோப்பு முறைமையிடமே கேட்டுச் சொல்கிறது. பெயரில்லாத கோப்பு முதலாவதன் கண்ணில் படாது, இரண்டாவதன் கணக்கில் இருக்கும். டியுவை ரூட் (நிர்வாகி) உரிமையில்லாமல் ஓட்டினாலும் நுழைய முடியாத அடைவுகள் விடுபட்டு இதே போன்ற வேறுபாடு தெரியும் என்பதால், அந்த உரிமையைத் தரும் சுடோவுடன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கோப்பைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற தேர்வுடன், ரூட் உரிமையில் கொடுத்தால், பெயர் நீங்கியும் திறந்தே இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். அளவைக் காட்டும் பத்தியில் 61 ஜிபிக்கு நிகரான நீண்ட எண் உள்ள வரியைத் தேடுங்கள். கேமரா நிரலின் பெயரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கன்டெய்னர்களின் வெளியீட்டை லாக் கோப்பில் எழுதுவது டாக்கரின் பின்னணிச் சேவை என்பதால், அந்த வரியில் டாக்கர்டி என்ற பெயர்தான் இருக்கும். சிறிய அளவில் வேறு சில வரிகளும் தெரிந்தால் கலவரப்பட வேண்டாம். தற்காலிகக் கோப்பைத் திறந்தவுடனே அதன் பெயரை வேண்டுமென்றே நீக்கிவிடுவது மைஎஸ்க்யூஎல் உள்ளிட்ட பல நிரல்களின் வழக்கம். நிரல் பாதியில் நின்றுபோனாலும் குப்பை மிஞ்சாது.

இந்த நிலையில் பலரும் கணினியையே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். இடம் திரும்பக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் லாக் ஏன் 61 ஜிபிக்கு வளர்ந்தது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும். கோப்பு இன்னும் திறந்திருப்பதால் அதை இப்போதும் படிக்கலாம். ஓடும் ப்ராசஸ்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் அடைவில், டாக்கர்டியின் ப்ராசஸ் எண்ணுக்குரிய உள்ளடைவில், எஃப்டி என்ற பிரிவின் கீழ் அந்தக் கோப்புக்கான எண் இருக்கும் (எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் 27டபிள்யூ என்று இருந்தால் எண் 27). டெயில் கட்டளையை அந்த முகவரிக்குக் கொடுத்துக் கடைசி நூறு வரிகளைப் பாருங்கள். இணைப்பு அறுந்த கேமரா ஒன்றை நொடிக்குப் பலமுறை அழைத்துத் தோற்கும் செய்தியோ, பிழைதிருத்த நிலையிலேயே விடப்பட்ட லாக் அமைப்போ அங்கே தெரிய வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் இடத்தை மட்டும் மீட்டால் மறுபடியும் நிரம்பும்.

காரணத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, டாக்கர் ரீஸ்டார்ட் கட்டளையால் அந்த ஒரு கன்டெய்னரை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் போதும். டாக்கர் பழைய கோப்பை மூடிப் புதிய கோப்பைத் திறக்கும். டிஎஃப் உடனே இறங்கிவிடும்.

உங்கள் எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. 95 ஜிபி நிரம்பியவுடனேயே மீதம் பூஜ்யம் என்றால் எஞ்சிய 5 ஜிபி எங்கே? இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் நிரம்பினாலும் கணினியின் அடிப்படைச் சேவைகள் முடங்காமல், நீங்கள் உள்ளே வந்து சரிசெய்ய வழியிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ரூட் பார்ட்டிஷனில் அதைத் தொடாதீர்கள். படங்கள் மட்டும் வைத்திருக்கும் பெரிய தரவு டிஸ்காக இருந்தால் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 சதவீதமாகக் குறைப்பதில் தவறில்லை.

இனி இது நேராமல் தடுப்பது எப்படி? டாக்கரின் இயல்பான ஜேசன்-ஃபைல் லாக் முறைக்கு அளவு வரம்பு எதுவும் கிடையாது. இந்தத் தொல்லையின் வேர் அதுதான் என்பேன். ஈடிசி அடைவின் கீழுள்ள டாக்கர் அடைவில், டீமன் ஜேசன் கோப்பில், மேக்ஸ்-சைஸ் 10 எம்பி, மேக்ஸ்-ஃபைல் 3 என்று அமைத்துவிட்டு டாக்கர் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: இந்த வரம்பு புதிதாக உருவாக்கப்படும் கன்டெய்னர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ளதை நிறுத்தித் தொடங்கினால் பழைய அமைப்போடுதான் ஓடும். அதை நீக்கி மீண்டும் உருவாக்க வேண்டும். அப்போது வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பிடத்தில்) உள்ள தரவு தப்பிக்கும், கன்டெய்னருக்குள்ளேயே எழுதப்பட்டவை அழிந்துபோகும். ஆகவே கேமரா பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று முதலில் பார்த்துவிட்டு அதில் கைவையுங்கள்.

உங்களைப் போல எண்கள் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாத வாசகர்களுக்காக இரண்டு குறிப்புகள். டிஎஃப் இடம் இருக்கிறது என்று காட்டியும் கோப்பு எழுத முடியாவிட்டால், அதையே ஐ தேர்வுடன் ஓட்டிப் பாருங்கள். இஎக்ஸ்டி4 இயல்பாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு என்ற கணக்கில் உருவாகிறது. 100 ஜிபி டிஸ்கில் சுமார் 65 லட்சம்தான் கிடைக்கும், சின்னஞ்சிறு கோப்புகள் பெருகினால் அவை தீர்ந்துவிடும். மற்றொன்று, வெளி டிஸ்க் மவுன்ட் ஆகாத (ஓர் அடைவோடு இணைக்கப்படாத) ஓர் இரவில் பேக்கப் நிரல், டிஸ்க் இணைய வேண்டிய வெற்று அடைவிலேயே, அதாவது ரூட் பார்ட்டிஷனிலேயே எழுதியிருக்கலாம். பின்னர் டிஸ்க் மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும். டியுவுக்கு அவை தெரியாது. அந்த டிஸ்கை அன்மவுன்ட் செய்துவிட்டு அடைவைத் திறந்து பார்த்தால், இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.