ஃபெரெட்டின் பின்னங்கால் தளர்ச்சி: முதுகுத்தண்டுக் கட்டிதானா?

கேள்வி: நான்கரை வயதாகும் எங்கள் ஃபெரெட் பத்து நாட்களாகப் பின்னங்கால்களை இழுத்து நடக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முதுகுத்தண்டில் கட்டி இருக்குமோ என்று அஞ்சுகிறோம். என்ன செய்யலாம்? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அந்த முடிவுக்கு வருமுன் ரத்தச் சர்க்கரையை அளந்துவிடுங்கள். நம் தாமிரபரணியில் நீந்தும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விலங்குக்கு, மூன்று வயதைக் கடந்தபின் கணையத்தில் இன்சுலினோமா என்னும் கட்டி வருவது மிகச் சாதாரணம். அது இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரப்பதால் சர்க்கரை இறங்கி, பின்னங்கால்கள் தளர்ந்துவிடுகின்றன. தளர்ச்சி வந்து வந்து போவதும், பார்வை ஓரிடத்தில் நிலைகுத்துவதும், எச்சில் ஒழுக வாயைப் பிறாண்டுவதும் இதன் அடையாளங்கள். மருத்துவரின் மேற்பார்வையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உணவை நிறுத்திப் பார்க்கையில் சர்க்கரை 60 மி.கி.க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். வீட்டில் நாம் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் ஃபெரெட்டின் ரத்தத்தில் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், ஆய்வகத்தில் அளப்பதே சரி. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதைக் கேட்டுப் பாருங்கள். இடையில் அது துவண்டு விழுந்தால், ஈறில் சிறிது தேன் தடவி, தெளிந்ததும் இறைச்சி உணவு கொடுங்கள். தேனை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இன்சுலின் மேலும் சுரந்து சர்க்கரை மீண்டும் இறங்கும்.

தளர்ச்சி விட்டுவிட்டு வராமல் நாளுக்கு நாள் கூடி, பாதம் மடங்கித் தரையில் தேய்ந்தால் தண்டுவடத்தையே சந்தேகிக்க வேண்டும். கருவிலிருந்த முதுகுநாணின் மிச்சத்திலிருந்து வளரும் கார்டோமா என்னும் கட்டி பெரும்பாலும் வால் நுனியில் உருண்டையாகத் தோன்றும். வாலை வெட்டி எடுத்தாலே பெரும்பாலும் குணமாகிவிடும். அதே கட்டி கழுத்து முள்ளெலும்பில் வந்தால் தண்டுவடத்தை நசுக்கும், அறுவை சிகிச்சையும் கடினம். நிணநீர்ப் புற்றும் முதுகெலும்பைத் தாக்குவதுண்டு. எலும்பு அரிக்கப்பட்டால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். தண்டுவடத்தைக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: காரணம் தெரியுமுன் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்க வேண்டாம். அது சர்க்கரையை உயர்த்தும், தண்டுவட வீக்கத்தைக் குறைக்கும், நிணநீர்ப் புற்றையும் சில காலம் சுருக்கும். ஆகவே ஃபெரெட் எழுந்து நடந்தாலும் எந்த நோய் என்பது மறைந்துபோகும்.

முப்பது டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை ஃபெரெட் தாங்காது. நம்மூர் வெயிலில் வெப்பத்தாக்கும் இதே தளர்ச்சியைத் தரும். எனவே குளிர்ந்த அறையில் வைத்து, விடியற்காலையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறுநீர் தானாகப் பிரியாமல் வயிறு இறுகினால், அன்றே செல்லுங்கள்.