விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: வயது 24. எம்.காம். முடித்துவிட்டேன். சிவதாபுரத்தில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. "வந்து உட்காருடா" என்கிறார். அம்மாவுக்கு நான் குரூப் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும். காலையில் ஒரு மனசு, ராத்திரி ஒரு மனசு. எத்தனை வயதில்தான் இது தெளியும்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தம்பி, நான் தெளிவாக இருந்ததே உங்கள் வயதில்தான். 1984-ல், 22 வயதில் வங்கி வேலை கிடைத்து சேலத்தில் கவுண்டரில் உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை இதுதான் என்று அன்றைக்கே முடிவு.

குழப்பம் வந்தது 41-ல். கணவர் இறந்து, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் என் பொறுப்புக்கு வந்தது. எனக்குக் காப்பி குடிக்கத் தெரியும், அவ்வளவுதான். (1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தொல்லையே இல்லை.) மலை ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. ஒற்றைப்படை வளைவில் விற்றுவிடலாம், இரட்டைப்படையில் வேண்டாம். இப்படியே போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் மாதம். இலையெல்லாம் துவண்டு தொங்கியது. செடி செத்துவிட்டது என்றே நினைத்தேன். தோட்டத்தில் வேலை பார்த்த அம்மாள் ஒரு கிளையை வளைத்து, இலைக்காம்படியில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சை மொட்டைக் காட்டினார். "சாகலைம்மா, மழைக்குக் காத்திருக்கு."

மழை வந்த பத்தாம் நாள் சரிவு முழுக்க வெள்ளை, மல்லிகை போல வாசனை. மூன்றே நாள், அப்புறம் பூ பழுப்பாகிவிட்டது. அந்த வறட்சி இல்லாவிட்டால், நடுநடுவே தூறிக்கொண்டே இருந்தால், பூ ஒன்றாக வராதாம். பழமும் ஒன்றாகப் பழுக்காது, பறிப்புக் கூலி எகிறும்.

இதை உடனே உங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்காதீர்கள். பூவைப் பார்த்து எனக்கும் ஞானம் எதுவும் வந்துவிடவில்லை. தோட்டத்தைக் கேட்டு வந்தவர் அடிமாட்டு விலை சொன்னார். சரி, ஒரு பறிப்பு பார்த்துவிட்டு விற்போம் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு பறிப்பு இருபது பறிப்பு ஆகிவிட்டது. இப்போது 63. முட்டி அந்தச் சரிவுக்கு ஒத்துழைக்கவில்லை; கோயம்புத்தூரிலிருந்து மகன் வாரம் ஒருமுறை "வித்துடும்மா" என்கிறான். மறுபடியும் ஒற்றைப்படை, இரட்டைப்படை. ஆக, வயதைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நீங்களும் ஒரு பறிப்புக்கு மட்டும் முடிவெடுங்கள். அடுத்த தேர்வு வரை பகலில் பட்டறை, ராத்திரியில் படிப்பு. வெள்ளி விலை ஏறி இறங்கும்போது அப்பா என்ன செய்கிறார், யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று கணக்கு நோட்டைப் புரட்டுங்கள், எம்.காம். அதற்காவது உதவட்டும். தேர்வை எழுதிவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: அப்பாவிடம் சம்பளம் பேசிக்கொண்டு உட்காருங்கள். மற்ற ஆட்களுக்குக் கூலி தரும் அதே நாளில் உங்களுக்கும் தரச் சொல்லுங்கள்.