பதினொன்றுக்குப் பதினொன்று

அன்புள்ள ஐயா,

நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். ‘பென்ஹர்’, ‘டைட்டானிக்’, ‘ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ மூன்றுமே தலா 11 ஆஸ்கர் வாங்கியவை. இதில் மூன்றாவது மட்டும்தான் பரிந்துரைக்கப்பட்ட அத்தனை பிரிவிலும் வென்றது. அப்படியென்றால் அதுதானே பெரிய வெற்றி? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் மூன்றாம் பாகமான ‘ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’, நியூசிலாந்தில் எடுத்த படம். அது 11 விருதுகளையும் வாங்கிய விழா 2004 பிப்ரவரி 29 இரவு நடந்தது. ஆளாளுக்கு மேடையேறி நியூசிலாந்துக்காரர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்க, இனி நன்றி சொல்ல அங்கே ஆளே மிச்சமில்லை என்று தொகுப்பாளர் பில்லி கிறிஸ்டல் கிண்டலடித்தார். கடைசி உறையைப் பிரித்த ஸ்பீல்பெர்க், படம் மொத்தத்தையும் அள்ளிவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் அதன் பெயரையே வாசித்தார்.

எனக்கென்னவோ அந்தப் படம் போட்டியிடாத பிரிவுகள்தான் சுவாரஸ்யமாகப் படுகின்றன. நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. ஒளிப்பதிவுக்கும் ஒலித் தொகுப்புக்கும் இல்லை. இத்தனைக்கும் முதல் பாகத்துக்கு ஒளிப்பதிவு ஆஸ்கர் வாங்கிய ஆண்ட்ரூ லெஸ்னிதான் இதற்கும் ஒளிப்பதிவாளர்.

சரி, அந்த இரண்டு விருதுகளும் எங்கே போயின? இரண்டுமே ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ படத்துக்கு. அதற்கு 10 பரிந்துரைகள். எட்டில் ‘கிங்’ எதிரே நின்றது, எட்டிலும் தோல்வி. ‘கிங்’ இல்லாத இரண்டில் மட்டும் ஜெயித்தது, பாவம்.

இதற்குக் காரணம் ஓட்டுமுறை. பரிந்துரையைப் பெரும்பாலும் அந்தந்தத் துறைக்காரர்கள் செய்கிறார்கள். இறுதி ஓட்டை எல்லா உறுப்பினர்களும் போடுகிறார்கள். ஒளிப்பதிவாளர்கள் பட்டியலிலேயே சேர்க்காத படம், பொது ஓட்டுக்கு வந்த இடத்தில் எல்லாம் வாரிக்கொண்டு போனது. மூன்று பாகங்களுக்கும் சேர்த்து அன்று மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

‘டைட்டானிக்’ 14-இல் 11. தவறிய மூன்றில் இரண்டு, கேட் வின்ஸ்லெட்டுக்கும் குளோரியா ஸ்டூவர்ட்டுக்கும் கிடைத்த நடிப்புப் பரிந்துரைகள். அவர்கள் பட்டியலுக்கே வராமல் இருந்திருந்தால் படத்தின் கணக்கு இன்னும் அழகாகத் தெரிந்திருக்கும்! உங்கள் நூற்றுக்கு நூறில் உள்ள வேடிக்கை இதுதான்.

என் ஓட்டு ‘பென்ஹர்’ படத்துக்கு. மற்ற இரண்டு படங்களும் போட்டியிட்ட ஒப்பனைக்கென்று, இது விருது வாங்கிய 1960-இல் நிரந்தரப் பிரிவே கிடையாது, அது 1982-இல்தான் வந்தது. அப்படியும் 12-இல் 11. சார்ல்டன் ஹெஸ்டன் நடிகராகவும், ஹியூ கிரிஃபித் துணை நடிகராகவும் வாங்கினார்கள். நடிப்புக்கு விருது பெற்றது மூன்றில் அது ஒன்றுதான். கைவிட்டுப்போனது திரைக்கதை மட்டும்.